என்ன பிழை என்று கேட்டாள்

கடலோர ஊர் ஒன்றின் பெரிய பள்ளிவாசலில், தொழ வருகிறவர்கள் கைகால் கழுவும் ஹவுலையும் அதன் வடிகாலையும் பின்புறத்துக் கக்கூசையும் சுத்தம் செய்து வந்தவர் சேகு நயினார். ஊரார் காறித் துப்பிய சளியும் வெற்றிலைச் சாறும் அவர் கைக்குத்தான் வந்து சேரும். ஹவுலைத் தேய்க்கும்போது துடைப்பத்தின் ஒவ்வொரு வீச்சுக்கும் நபிகளை வாழ்த்தி ஒரு ஸலவாத்து ஓதுவார். கக்கூசுக்குள் நுழைந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வார். ஓதக் கூடாத இடம் எது என்ற மரியாதை அவருக்குத் தெரியும். தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் குளித்து, துவைத்த கைலி கட்டி, கடைசி வரிசையில் நிற்பார்.

மனைவி மௌத்தாகி இரண்டு வருடம். எட்டு வயது ருக்கையாவும் நாலு வயது இத்ரீசும்தான் வீட்டில்.

அந்த வருடம் ஊர்ப் பணக்காரர் அகமது தம்பி மரைக்காயர் ஆறாவது ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். முந்தைய ஐந்தும் சுவரொட்டியில் இடம்பெற்றிருந்தன. பள்ளி வளாகத்திலேயே விருந்து. தின்றவர்கள் ஹவுலில் கை கழுவ, கொழுப்பும் எலும்பும் மென்று துப்பிய சவ்வும் வடிகாலை அடைத்துக்கொண்டன. சேகு நயினார் முழங்கை வரை உள்ளே விட்டு அள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏய் சேகு, பந்தி நடக்கும்போது என்னடா இந்த நாத்தம்? அங்கிட்டுப் போயேன். சோறு இறங்க மாட்டேங்குது" என்றார் மரைக்காயர். நாறியது அவருடைய பிரியாணிதான்.

"சரி காக்கா" என்று அண்ணன் முறை சொல்லி நகர்ந்தார் சேகு நயினார்.

வீட்டுக் கதவைத் திறந்த ருக்கையா மூக்கைப் பொத்திக்கொண்டு, "வாப்பா, நாறுது" என்றாள். வாய் மூடும் முன் கன்னத்தில் அறை விழுந்தது. "சனியனே" என்றும் கத்தினார். மூலையில் நின்ற இத்ரீஸ் பயத்தில் கால்சட்டையை நனைத்துவிட்டான். ருக்கையா அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், அதன்பின் வாப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் விடிகாலை சுப்ஹுத் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூது செய்தபோது, முகத்தருகே பாயில் பதிந்திருந்தது மகளை அறைந்த அவர் உள்ளங்கை. அதுவரை அள்ளிய எதையும்விட அது அவருக்கு அசிங்கமாகத் தெரிந்தது. மனிதருக்குச் செய்த அநியாயத்தை, பட்டவர் பொறுக்காத வரை அல்லாஹ்வும் பொறுப்பதில்லை என்று பள்ளிவாசல் பயானில், மார்க்கச் சொற்பொழிவில் கேட்டிருந்தார். கேட்ட துஆ எதுவும் கூரையைத் தாண்டவில்லை என்றே தோன்றியது.

காலையில் மரைக்காயர், ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வழக்கப்படி, பிழை பொறுக்கக் கேட்டு ஊர்வலம் வந்தார். கழுத்தில் ரோஜா மாலை, முன்னால் போட்டோக்காரர், பின்னால் ஒலிபெருக்கி. ஹவுலருகே வந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி, சேகு நயினாருக்கு மூன்றடி தள்ளி நின்றார்.

"தெரிஞ்சும் தெரியாமலும் ஏதாச்சும் பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்கணும்."

"பொறுத்துட்டேன் காக்கா."

படம் எடுத்தாயிற்று. சேகு நயினார் தயங்கிக் கேட்டார். "காக்கா, எம் புள்ளைய அநியாயமா அடிச்சிட்டேன். அவகிட்டயும் இப்படித்தான் கேக்கணுமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பெத்தவன் புள்ளைகிட்டப் பொறுக்கக் கேக்குறதா? நல்லாருக்கு. நேத்துத் தின்ன ஆட்டுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுரு" என்றார் மரைக்காயர்.

சேகு நயினார் இரண்டு தடவை குளித்துவிட்டு வீட்டுக்குப் போனார். மகள் முன் மண்டியிட்டார். மரைக்காயர் வாயில் கேட்டதையே ஒப்பித்தார்.

"தெரிஞ்சும் தெரியாமலும் ஏதாச்சும் பிழை செஞ்சிருந்தா..."

"என்ன பிழை?" என்றாள் ருக்கையா.

இத்தனை வருடத்தில் எந்த வடிகாலிலும் கை விட இவ்வளவு தயங்கியதில்லை அவர்.

"மரைக்காயர் என்னைய நாறுதுன்னாரு. அவர எதுத்துப் பேசப் பயம். அந்தக் கோவத்தை உங்கிட்ட இறக்கிட்டேன். நீ ஒண்ணும் செய்யல. அடிச்சது எம் பிழை."

"சனியன்னு சொன்னீங்க."

"சொன்னேன். அதுவும் பிழை."

"தம்பி கால்சட்டையிலயே போயிட்டான். அவன்கிட்டயும் கேளுங்க."

கேட்டார். இத்ரீஸ் எதற்கென்று தெரியாமலே தலையாட்டி, மடியில் ஏறிக்கொண்டான். ருக்கையா மடியில் இருந்த தம்பியைப் பார்த்தாள். பிறகு இரு கைகளையும் ஏந்தினாள்.

"யா அல்லா, எங்க வாப்பாவ நான் பொறுத்துட்டேன். நீயும் பொறுத்துக்க."

"ஆமீன்" என்றார் சேகு நயினார். நெஞ்சில் அடைத்துக் கிடந்தது கண் வழியே இறங்கியது.

அந்நேரம் தெருவில் மரைக்காயருக்காக நூறு பேர் கையேந்தி நின்றார்கள். அதில் எது எட்டியது என்று அல்லாஹ் ஒருவனே அறிவான். ஆனால் பாவம் எழுதப்படாத வயதின் கைகளை அவன் வெறுமையாகத் திருப்புவதில்லை. தன் பிழையை இன்னதென்று சொல்லிக் கேட்ட அந்த எளிய அடியாரை அவன் பொருந்திக்கொண்டான். அவர் கைகளைவிடச் சுத்தமான கைகள் அன்று அந்த ஊரில் இருந்ததில்லை.