வலப்பக்கத்துக் கம்பி

"என்ற வண்டிய எவனோ தொட்டிருக்கான், மாஸ்டர்."

வரதப்பன் இதை வந்ததும் சொல்லவில்லை. முதலில் பட்டறைக் கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

ஜெனோவா டீ குடித்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் டிராக் ரேஸுக்கு, ரெண்டு ரெண்டு வண்டியாக நேர்கோட்டில் சீறுகிற பந்தயத்துக்கு, வண்டி கட்டுகிற அத்தனை பேருக்கும் அவர்தான் குரு. வரதப்பனைவிட வயசில் ரொம்பச் சின்னப் பெண். மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பத்தில் வரதப்பனுக்கு நாக்கு கூசியது. இப்போது பழகிவிட்டது.

"எங்க தொட்டிருக்காங்க?"

"பின்னாடிங்க. டிராக்ஷன் பார்ல."

பச்சை விளக்கு விழுந்ததும் ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தால் பின் அச்சு முறுக்கிக்கொள்ளும், சக்கரம் தத்தித் தத்தித் துள்ளும். அது நடக்காமல் அச்சை முன்னால் வண்டியின் அடிச்சட்டமான சேஸோடு சேர்த்துப் பிடித்திருக்கிற கம்பி இது, பக்கத்துக்கு ஒன்று. திருகினால் நீளும், இல்லை குறுகும். ஒரு பக்கம் மட்டும் இறுகிவிட்டால் வண்டி நேரே கிளம்பாது.

வரதப்பன் வண்டி கிளம்பும்போதே இடப்பக்கம் தாவியது. போன ஞாயிறு பக்கத்து வண்டிமேல் ஏறாமல் தப்பியது யார் செய்த புண்ணியமோ. இன்று சாயங்காலம் இன்னொரு தடவை கோட்டைத் தாண்டினால் இனிமேல் ஓட்டவே விடமாட்டோம் என்று பந்தயம் நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"யார் மேல சந்தேகம்?"

"செவந்தி மேலதாங்க."

செவந்தியப்பன் அவர் பெண்டாட்டியின் தம்பி. அந்தக் கம்பிகளுக்கு வெல்டு வைத்தவனே அவன்தான். நேற்று நாலு பேர் முன்னால், "எவன் பேச்சக் கேட்டுடா இதச் செஞ்ச?" என்று கேட்டுவிட்டார் வரதப்பன். அவன் துணிமணியைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு இப்போது பட்டறை கேட்டுக்கு வெளியே ஊர் பஸ்ஸுக்கு நிற்கிறான்.

"அவர்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் விவரம் கெட்டவன் இல்லீங்க. மரை மேல என்ற பொண்ணோட நெயில் பாலிஷ்ல சிவப்பா ஒரு கோடு போட்டு வெச்சேன். எவனாவது திருப்பினா கோடு உடைஞ்சுரும்."

"உடைஞ்சிருக்கா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன?"

"அங்கதாங்க விஷயமே இருக்கு. அதே கலர் வாங்கி, அழிச்சுட்டு, மறுபடியும் போட்டிருக்கான்."

அட ஆண்டவனே! கோடு உடைந்தால் களவாணித்தனம். உடையாவிட்டால் அதைவிடப் பெரிய களவாணித்தனம். இந்த மனுஷனோடு இவர் வீட்டம்மா எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாரோ.

ஜெனோவா டம்ளரைக் கீழே வைத்தார். பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

அதே சிவப்பு.

வரதப்பன் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"மாஸ்டர்... நீங்களுமா?"

"வண்டிகிட்ட வாங்கண்ணா" என்றார் ஜெனோவா.

இருவரும் வண்டியருகே போனார்கள்.

"கம்பிய கடைசியா செட் பண்ணினது யாரு?"

"நான்தான். தனியா. கதவச் சாத்திக்கிட்டு."

"கூட ஆள் வெச்சுக்கலையா?"

"அளவு வெளிய போயிருமுங்களே!"

ஜெனோவா அடியில் புகுந்தார். வலப்பக்கக் கம்பியைச் சேஸோடு சேர்க்கும் போல்ட்டை உருவிக்கொண்டு வந்து வரதப்பன் கையில் கொடுத்தார்.

"போய் மாட்டிப் பாருங்க."

வரதப்பன் பெரிய உடம்புக்காரர். தொப்பையை எக்கிக்கொண்டு அடியில் நுழைந்தார். போல்ட்டை ஒரே விரலால் தள்ளினார், உள்ளே போனது. இழுத்தார், வந்தது.

"வெண்ணெய் மாதிரி போகுதுங்க."

"அப்ப அளவு சரியா இருக்கு."

"சரியா இருந்தா ஏனுங்க தாவுது?"

"ஓட்டும்போது நீங்க எங்க இருப்பீங்க?"

"இதென்னங்க கேள்வி? ஸ்டியரிங்ல."

"போய் உக்காருங்க."

போல்ட்டைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஜெனோவா கையை நீட்டியபடியே நின்றார். கடைசியில் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங் இருக்கிற வலப்பக்கம் வண்டி கொஞ்சம் அமுங்கியது.

அடியில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது.

"உள்ள போகலண்ணா."

"பொய்யி!"

இறங்கி ஓடினார். போல்ட்டைப் பிடுங்கித் தானே தள்ளினார். ஒரே விரல். உள்ளே போனது. உருவிக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஏறினார்.

டொக். டொக். போகவில்லை.

இறங்கினார். போனது.

வரதப்பன் போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் இறங்கினா சரியா இருக்குது."

"ஆமா."

"நான் ஏறினா கெட்டுப்போகுது."

"ஆமாங்கண்ணா."

நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. அதைவிட எரிச்சலாக இருந்தது.

"அப்ப நான் மேல உக்காந்திருக்கும்போதே கம்பியத் திருகணும்."

"திருகணும்."

"நான் மேல இருந்தா, அடியில யாருங்க?"

ஜெனோவா தன் சிவப்பு நகங்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். போய், வரதப்பன் சாத்தி வைத்த கதவை அகலத் திறந்தார். வெயில் உள்ளே வந்தது. கேட்டுக்கு வெளியே செவந்தியப்பனின் முதுகு தெரிந்தது.

வரதப்பன் அங்கேயே நின்றார். இப்பக்கூட ஒரு சுத்து சேத்துத் திருகிட்டான்னா? சாயங்காலம் வண்டி கவுந்தா? யோசித்து யோசித்துப் பார்த்தார். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

வாசல் கேட் வரைக்கும் நடந்தார்.

"மாப்ள."

அவன் திரும்பவில்லை.

"வலப்பக்கத்துக் கம்பி இறுகுது. என்ற வெயிட்டாலதான். நான் சீட்ல உக்காந்துக்கறேன், நீ... கொஞ்சம் பாக்கறியா?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூப்பிட்டார். செவந்தியப்பன் பையைக் கீழே வைத்தான். பஸ் போய்விட்டது.

பட்டறைக்குள் வந்ததும் சாக்கை விரித்தான், ஸ்பானரை எடுத்தான், மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்தான். பாதி உடம்பு உள்ளே போனதும் நின்றான்.

"மாமா. சாவி எங்க?"

சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது; ஒரு திருப்புத் திருப்பினால் அடியில் இருப்பவன் கதை முடிந்தது.

வரதப்பனுக்கு முகம் சுண்டிப்போனது.

"என்ற மேலயேவாடா சந்தேகம்?"

"நேத்து வரைக்கும் இல்லீங்க மாமா."

ஜெனோவா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

வரதப்பன் சாவியை உருவினார். மூச்சு வாங்க மண்டி போட்டு உட்கார்ந்து, அதைச் செவந்தியப்பனின் சட்டைப் பையில் போட்டார். அப்புறம் எழுந்து, ஏறி, சீட்டில் உட்கார்ந்தார்.

அடியில் மரை இளகும் சத்தம் கேட்டது. சிவப்புக் கோடு உடைந்திருக்கும்.

வரதப்பன் குனிந்து பார்க்கவில்லை.