நானூற்றுப் பன்னிரண்டின் வலது ஓரம்

நானூற்றுப் பன்னிரண்டாம் எண் நாடா, ஜெபசெல்வியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்.

நாகர்கோவில் பக்கம் ஒரு கண் மருத்துவமனை. அங்கே கணினி அறையில் ஓர் இரும்பு அலமாரி. அதற்குள் ஐந்நூறு காந்த நாடாப் பெட்டிகள் குடியிருந்தன. நோயாளிகளின் கண் படங்களை எல்லாம் அவைதான் பத்திரமாக வைத்திருந்தன. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு. நெற்றியில் ஒட்டிய பார்கோடு லேபிள்தான் இது இன்னது என்று சொல்லும். அலமாரிக்குள் ஓர் இயந்திரக் கை மேலும் கீழும் போய்வரும். சிவப்பு வெளிச்சம் அடித்து அந்தக் கோடுகளைப் படித்து, வேண்டியதை எடுத்துக் கொடுக்கும்.

நானூற்றுப் பன்னிரண்டாம் நாடாவின் லேபிள் வலது ஓரத்தில் பிய்ந்திருந்தது. அலமாரியைப் பார்த்துக்கொள்ளும் ஜெபசெல்வி அதை வெளியே எடுத்தாள்.

"உனக்கு மட்டும் என்னடே, எப்பவும் காதைத் தூக்கிட்டு நிக்கே?"

அவள் கத்தரிக்கோலைத் தேடவில்லை. செலோடேப்பை இழுத்து, பல்லால் கடித்து, லேபிள் முழுவதும் மூடும்படி ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு முறை தேய்த்தாள். வீட்டில் ரேஷன் அட்டை முதல் டிவி ரிமோட் வரை எல்லாவற்றுக்கும் உறை போட்டு வைத்தவள் அவள்.

"இனி பிய்யாது, போ."

சாப்பிடப் போனவள் திரும்பவில்லை. "நெஞ்சு வலியாம்" என்று மறுநாள் யாரோ சொன்னது அலமாரிக்குள்ளும் கேட்டது.

பிறகு கை வந்தது. வெளிச்சம் அடித்துப் பார்த்தது.

"யாரு?"

"நான்தான். ஆறு வருஷமா என்னைத் தூக்குறே, தெரியலையா?"

"கோடு எங்கே? ஒரே மினுமினுப்பு. கண்ணு கூசுது."

பக்கத்து நாடா சிரித்தது. "மாப்பிள்ளைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுட்டாங்க."

"எனக்கு உன்னை நினைவிருக்கு" என்றது கை. "ஆனா என் நினைப்பைக் கணினிப் பட்டியல் ஏத்துக்காதே."

அது நாடாவை வெளித்தட்டில் கொண்டுபோய் வைத்தது. மெதுவாகத்தான் வைத்தது.

புதிதாக வேலைக்கு வந்த முபீனா அதை எடுத்துப் பார்த்தாள். அவள் முன்பு வேலை செய்த இடத்தில், பழைய பதிவு இனி வேண்டாம் என்று கழித்த பெட்டியின் லேபிள்மேல் செலோடேப் ஒட்டுவது வழக்கம். இதுவும் அப்படித்தான் என்று புது லேபிள் ஒன்றை உரித்தாள். அதை ஒட்டினால் நாடா காலிப் பெட்டிகளோடு சேரும். அன்றைய படங்கள் பழையவற்றின் மேல் பதியும். பன்னிரண்டாயிரம் பேரின் பார்வை போன வருடம் எப்படி இருந்தது என்று ஒத்துப்பார்க்க டாக்டர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

நாடாவுக்குக் கத்தத் தோன்றியது. மனிதர்களுக்குக் கேட்கிற குரல் அதற்கு இல்லை.

அறையில் ஏ.சி. மெக்கானிக் ஏசுவடியான் ஸ்டூல்மேல் நின்று வடிகட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெபசெல்வியின் கணவர் அவர்.

"அதைக் கொஞ்சம் காட்டும்மா" என்று இறங்கி வந்தார். செலோடேப்பின் விளிம்பை விரலால் தடவினார். "இது எங்க வீட்டுக்காரி கடிச்சது. நடுவுல ஒரு இடைவெளி தெரியுதா? முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கும் அவளுக்கு. பனங்கிழங்கு தின்னு உடைச்சா."

"கழிச்ச பெட்டி இல்லியா, அண்ணே?"

"கழிச்சதுக்கு அவ எதுக்கு மெனக்கெடப் போறா? பத்திரமா இருக்கட்டும்னு ஒட்டியிருக்கா."

"ஆனா இது மேல இருந்தா மெஷின் படிக்காதே. உரிக்கணும், அண்ணே."

அவர் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நானே உரிக்கேன்."

நாடா செலோடேப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "போகாதே. அவ கடைசியா என்னைத் தொட்டது உன்னை வச்சுத்தான்."

"என்னை எதுக்கு ஒட்டினா?" என்றது செலோடேப்.

"நான் கெட்டுப்போகாம இருக்க."

"அப்போ விடு. நான் இருந்தா நீ இருக்க மாட்டே."

நாடா விட்டுக்கொடுத்தது. செலோடேப் ஓசையில்லாமல் உரிந்து வந்தது. ஏசுவடியான் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கை வெளிச்சம் அடித்தது. "வா வா, நானூற்றுப் பன்னிரண்டு! எங்கே போயிட்டே?"

அந்த நாடா இப்போது அலமாரியின் முப்பத்தொன்றாம் அறையில் இருக்கிறது. லேபிளின் வலது ஓரம் பிய்ந்து, லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.