அள்ளினாலும் குறையாத சரக்கு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் என் மீசை இப்பவே உதிரட்டும்!

திருநெல்வேலியில் ஒரு பாத்திரக் கம்பெனி. அங்கே டேட்டாபேஸுக்கு அதிகாரி வைகுந்தநாதன். அவர் தும்மினால் மூன்று மாடிக் கம்ப்யூட்டரும் எழுந்து நிற்கும். புதிதாய்ச் சேர்ந்த இசக்கியிடம், முதலாளி முன்னாலேயே உறுமினார்: "விற்பனை விவரம் மொத்தமும் புது டேட்டா கிடங்குக்குப் போகணும். ஆனா என் டேட்டாபேஸ்ல ஒரு பொட்டுக் குறையக்கூடாது. குறைஞ்சா உன் வேலை காலி!"

"குறையாது சார். பாஸ்வேர்டு கொடுங்க, இணைப்புப் போட்டுடுறேன்."

"அள்ளிட்டுப் போனா எப்படிம்மா குறையாம இருக்கும்? முதல்ல அதை நிரூபி."

இசக்கி பணிவாகக் கேட்டாள்: "காலையில கேண்டீன்ல முதலாளி தலைமுடியைப் பத்தி எங்க எல்லாருக்கும் ஒரு விஷயம் அள்ளி வழங்கினீங்களே சார், அது இன்னும் உங்ககிட்ட இருக்கா, தீர்ந்துபோச்சா?"

முதலாளியின் கை தானாகத் தலைக்குப் போனது. "அது என்ன விஷயம்யா?"

வைகுந்தநாதன் பாய்ந்துபோய்ப் பாஸ்வேர்டை அடித்தார். அடித்த வேகத்தில் கீபோர்டில் புகை கிளம்பியது. 'இணைப்பு கிடைத்தது' என்று திரை பச்சையாய்ச் சிரித்தது. இசக்கிக்கு வேலை நிலைத்தது.

முதலாளிதான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்த விக்கை அவருக்கு விற்றவனே நான்தான்!