எட்டு விநாடி

மெஹருன்னிசாவுக்கு ஒரு சீடர் இருந்தார். குருவைவிடப் பதினேழு வயது மூத்தவர்.

பெயர் சோலைமலை. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஐம்பத்து மூன்று வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறேன் என்று எங்கள் கம்பெனிக்கு வந்தார். "வீட்ல சும்மா இருந்தா மரியாதை போயிரும் மேடம்" என்று காரணம் சொன்னார். கம்பெனியைப் பார்த்துக்கொள்கிற மெஹர் மேடம் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மறுநாளே ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்.

மதுரை கே.கே. நகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் கம்பெனி. மொத்தம் ஐந்து பேர். நாங்கள் எழுதுவது எதுவும் யார் கண்ணிலும் படாது. கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று ஓடும். அதற்குள் இருந்துகொண்டு போன் அழைப்புகளைக் கவனிக்கிற பகுதி எங்களுடையது. அழைப்பு வந்தால் அதற்கு ஒரு நம்பர், அதாவது எந்த லைன் என்கிற அடையாளம், கொடுக்கும். பேசி முடிகிற வரை வைத்திருக்கும். முடிந்ததும் அந்த நம்பரை வாங்கி அடுத்த அழைப்புக்குக் கொடுக்கும். கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'முடிந்ததும்' என்கிற இடத்தில்தான் எங்கள் ஆயுசில் பாதி போகிறது.

ஒருவர் போனை வைத்துவிட்டால் அழைப்பு முடிந்துவிடாது. இந்தப் பக்கத்து மெஷின் 'விடுகிறேன்' என்று செய்தி அனுப்பும். அந்தப் பக்கத்து மெஷின் 'விட்டேன்' என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வந்த பிறகுதான் நம்பர் காலி. வராவிட்டால் நாலு விநாடி பொறுத்து மறுபடி ஒரு 'விடுகிறேன்'. அதற்கு ஒரு நாலு விநாடி. அதற்கும் பதில் இல்லையென்றால்தான், மொத்தம் எட்டு விநாடி கழித்து, இந்தப் பக்கம் தானாக விடலாம்.

நான் இருளப்பன். சோதனை பார்க்கிறவன். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பது என் வேலை. எனக்குப் பிடித்த வேலையும் அதுதான். இந்த விஷயத்தில் நான் கோட்டை விட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

மனம் உடைந்து போனவர்கள் கூப்பிட்டுப் பேசுகிற உதவி எண் ஒன்று எங்கள் மெஷினில்தான் ஓடியது. முப்பது லைன். திங்கட்கிழமை ஆனால் கூட்டம் தாங்காது. "ஆளுங்க சும்மா உக்காந்திருக்காங்க, கூப்பிட்டா பிஸின்னு வருது" என்று புகார் வந்தது. சோலைமலை உட்கார்ந்து பார்த்தார். எதிர்ப்பக்கத்து எக்ஸ்சேஞ்ச் பழையது. ஒரு 'விட்டேன்' சொல்ல ஏழு விநாடி எடுத்துக்கொண்டது. அதுவரை அந்த லைன் யாருக்கும் இல்லாமல் நின்றது.

"போன வச்சாச்சு. இனிமே அவன் விட்டா என்ன, விடாட்டி என்ன?" என்றார் சோலைமலை.

காத்திருக்கிற வரிகளை எடுத்துவிட்டார். வைத்த உடனே நம்பர் காலி, அடுத்த ஆளுக்கு. மெஹர் மேடம் அந்த வாரம் லீவு. மாமியாருக்குக் கண் ஆபரேஷன். சோதித்துச் சரி போட்டவன் நான்தான். என் மேஜையில் எதிர்ப்பக்கத்து மெஷினும் எங்களுடையதே, மூன்றடி தூரத்தில் இருக்கிறது. கேட்ட மறு நொடி பதில் சொல்லும். தாமதம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. எல்லாம் சரி என்று பச்சையாக வந்தது.

புகார் நின்றது. உதவி எண்ணிலிருந்து பாராட்டி மெயில் வந்தது. சோலைமலை எங்கள் எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து உதவி எண்ணில் வேலை பார்க்கும் புஷ்பலதா என்கிற அம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம்.

"எடுத்தவுடனே கட் ஆகுது சார். நாங்க 'சொல்லுங்க'ன்னு சொல்றோம், அங்கிட்டு ஒரு வார்த்தை வருது, போயிருது."

"எப்ப இருந்தும்மா?" என்றார் சோலைமலை.

"ரெண்டு வாரமா இருக்கும். நாங்க மொதல்ல கண்டுக்கல. கூப்பிடுறவங்க பயந்துபோய் அவங்களே வைக்கிறது இங்க சகஜம். அப்படித்தான்னு நெனச்சோம். நேத்து ஒருத்தர் வந்தாரு. 'அக்கா, வச்சிராதீங்க'ன்னாரு. அதோட கட். வச்சிராதீங்கன்னு சொல்றவர் அவரே எப்படி சார் வைப்பாரு?"

"திரும்பக் கூப்பிட்டாரா?"

"தெரியல சார். நாங்க யார் நம்பரையும் எழுதி வைக்கிறதில்ல. அது எங்க ஒழுங்கு."

எந்த லைன் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்கிற மெஷின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். பழைய அழைப்பின் 'விட்டேன்' ஏழு விநாடி கழித்து ஆடி அசைந்து வந்து சேர்கிறது. அதற்குள் அந்த நம்பர் புது ஆளிடம் போயிருக்கிறது. கெர்னலுக்கு ஆள் தெரியாது, நம்பர்தான் தெரியும். வந்த பதிலை நம்பி, அப்போதுதான் வாய் திறந்த புது ஆளை வெட்டிவிடுகிறது. இரண்டு வாரத்தில் நாற்பத்தொரு பேர். சோலைமலை திரையைப் பார்த்தபடி நின்றார்.

மெஹர் மேடம் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் வேலையாக உதவி எண் மெஷினில் தற்காலிகமாகப் பழைய பதிப்பையே திருப்பிப் போட்டார். உதவி எண்காரர்களை அழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னார், தப்பு எங்களுடையது என்றும் சொன்னார். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு இன்னும் பத்து லைன் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு சோலைமலையிடம் திரும்பினார்.

"அந்த இடத்த மறுபடி ஒழுங்கா எழுதிருங்கண்ணே. நீங்களே எழுதுங்க."

"நானா மேடம்?"

"அந்த இடம் இப்ப ஒங்களுக்குத்தான நல்லாத் தெரியும்."

அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸ் அப்படியே இருந்தது. மூன்று மணிக்கு எழுதி முடித்துக் கூப்பிட்டார். மேடம் வந்து படித்தார்.

"எத்தனை செகண்ட் காத்திருக்கும்ணே?"

"கணக்கே கெடையாது மேடம். எதிர்ப்பக்கம் 'விட்டேன்'னு சொல்ற வரைக்கும் விட மாட்டேன்."

"சொல்லலைன்னா?"

"சொல்லும்."

மேடம் தலையாட்டினார். என்னைப் பார்த்து, "இருளப்பா, இத ஒன் மேஜை மெஷின்ல ஏத்து. எதிர் மெஷின் அழைப்ப எடுக்கட்டும். 'விட்டேன்' மட்டும் சொல்ல வேண்டாம்" என்றார்.

ஏற்றினேன். மேடம் சோதனைப் போனை எடுத்துச் சோலைமலையின் கையில் கொடுத்தார்.

"கூப்பிடுங்க. அங்கிட்டு எடுத்ததும் வச்சிருங்க."

அவர் கூப்பிட்டார், வைத்தார்.

"இன்னொருக்கா."

அதையும் செய்தார்.

"செஞ்சுக்கிட்டே இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மேடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சோலைமலை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வைத்தார். பத்தாவதில் உட்கார்ந்தார். இருபதுக்கு மேல் சட்டைப் பட்டனைத் தளர்த்திக்கொண்டார். முப்பது முறை ஆனது. முப்பத்தோராவது முறை கூப்பிட்டார். பிஸி டோன் வந்தது.

"லைன்ல யாருண்ணே இருக்கா?"

"யாரும் இல்ல மேடம்."

"ஸ்கிரீனப் பாருங்க."

பார்த்தார். முப்பது லைனிலும் 'பதிலுக்குக் காத்திருக்கிறது' என்று நின்றது.

"எல்லாம் போனவங்களுக்காக நிக்கிது" என்றார்.

"இப்பக் கூப்பிட்டது?"

"நான்தான்."

"திங்கக்கெழம கூப்பிடுறது?"

அவர் போனை மெதுவாகக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"மனசு ஆறல மேடம்" என்றார். "முப்பது வருஷம் லைன் பாத்திருக்கேன். மழையில கம்பத்துல ஏறி லைன் குடுத்திருக்கேன். ஒருத்தர் பேச்ச வெட்டுனதில்ல. வச்சிராதீங்கன்னு கேட்டாராம். அவர் இருக்காரா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது."

"தெரியாதுதான்."

"எட்டு செகண்ட்ல ஒருத்தர் இருக்காரா போயிட்டாரான்னு எப்படி மேடம் முடிவு பண்றது?"

"முடிவு பண்ண முடியாதுண்ணே."

"பின்ன எட்டு எதுக்கு?"

"மொத நாலு நாம கேட்டதுக்கு. அடுத்த நாலு, அவங்களுக்குக் கேக்காமப் போயிருக்கலாம்ங்கறதுக்கு."

சோலைமலை கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "நான் நின்னுக்கிறேன் மேடம். இந்த வேலைக்கு நான் லாயக்கு இல்ல" என்றார்.

"சரி. திங்கக்கெழமைக்குள்ள அத முடிச்சுக் குடுத்துட்டு நில்லுங்க."

நான் மேடத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னால் என்ன என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, டிபன் பாக்ஸைச் சோலைமலையின் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி எழுதத் தொடங்கினார்.

'விடுகிறேன்' என்று சொல், நாலு விநாடி பார். பதில் இல்லையா, மறுபடி சொல், இன்னொரு நாலு விநாடி பார். எல்லாம் எங்கள் பழைய வரிகள்தான். இரண்டு வாரத்துக்கு முன் அவர் கையாலேயே அழித்தவை. அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினார். ஒரு வரி எழுதி அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். மேடம் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

கடைசி இடம் வந்தது. இரண்டாவது நாலு விநாடியும் கழிந்துவிட்டது, பதில் வரவில்லை. நம்பரை விட வேண்டும். விடுகிறபோது பதிவில் ஒரு வரி விழ வேண்டும். மற்ற இடங்களில் எல்லாம் என்ன இருக்கிறதோ அதையே இங்கேயும் அடித்தார்: 'அழைப்பு முடிந்தது.'

"பதில் வந்துச்சாண்ணே?" என்றார் மேடம்.

"வரல மேடம். எட்டு செகண்ட் ஆயிருச்சு. நம்பர விட்டுத்தான ஆகணும்?"

"நம்பர அடுத்த ஆளுக்குக் குடுத்துருங்க. முடிஞ்சதுன்னு மட்டும் எழுதாதீங்க."