ரெமியின் சட்டை

சந்தியாகுவுக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு. உப்பளத்துக்கு அப்பால் ஒரு ஓலைக் குடிசையில் தனியாக இருந்த பெண் அவர். போதனை என்று எதுவும் செய்வதில்லை. கேட்டால் பதில் சொல்வார். சில சமயம் அதுவும் சொல்லமாட்டார்.

சந்தியாகு கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"என் மகளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

கல்யாணமாகி இருபது வருஷம் கழித்துப் பிறந்தவள். பெயர் ரபேக்கா. நான்கு வயது. நெஞ்சு பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் தூங்கும்போது மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்ப்பார் சந்தியாகு. மூச்சு படும். கையை எடுப்பார். எடுத்த உடனே மறுபடி சந்தேகம் வரும்.

"எனக்குத் தெரியாது" என்பார் குரு.

"தெரிய வேண்டாம்மா. சும்மா சொன்னாப் போதும்."

குரு சொன்னதில்லை.

அன்றைக்கு வந்தபோது குழந்தைக்கு மூன்றாம் நாளாகக் காய்ச்சல். சந்தியாகு செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். குரு ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"முள்ளித்துறைக்குப் போறேன். வர்றீங்களா? அங்கே நண்டு ரொம்ப நல்லா இருக்குமாம்."

"அங்கே வச்சாவது அந்த வார்த்தையைச் சொல்வீங்களா?"

"வாங்க. சாயங்கால பஸ்ஸுல திரும்பிடலாம்."

அந்த நம்பிக்கையில்தான் அவர் பஸ் ஏறினார்.

முள்ளித்துறை நண்டுக்காகத் தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். கரையில் ஆளில்லை. வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. வலைகளை மடித்து, பறக்காமலிருக்க மேலே கல் வைத்திருந்தார்கள். ஏலக் கொட்டகையில் நாலைந்து பெண்கள் மீன் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மடியில் கைக்குழந்தை.

"நண்டு திங்க வந்தியளா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா."

"இங்க காக்காயே வாரதில்ல. நீங்க வந்திருக்கிய."

பக்கத்திலிருந்தவள் சந்தியாகுவின் வெள்ளைத் தாடியைப் பார்த்தாள். பின்னால் பையோடு வந்த குருவைப் பார்த்தாள்.

"சாமியாரு கைய வீசிக்கிட்டு நடக்காரு. சிஷ்யப் பிள்ளதான் மூட்டை சொமக்குது. எந்தச் சாமியாரு மடத்துலயும் பொம்பள பாடு இதான் போல."

எல்லோரும் சிரித்தார்கள். குருவும் சிரித்தார். சந்தியாகு திருத்துவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் குரு நடந்துவிட்டார்.

கித்தேரியம்மாள் கடைச் சுவரில் சிவப்பாக ஒரு நண்டு வரைந்திருந்தது. வாசல் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊர்த் தலைவர் கஸ்பார்.

"நண்டு இல்லீங்கய்யா. சோறும் ரசமும்தான் கெடைக்கும்."

"ஏன், காத்து சரியில்லையா?"

கஸ்பார் கடைக்குள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இவ மவன் ரெமி, இருவத்திரண்டு வயசு. நண்டு வலை எடுக்கப் போன எடத்துல அலை அடிச்சுட்டு. கூடப் போன ரெண்டு பேரு வந்துட்டானுவ. இவன் வரல. இன்னியோட இருவத்தேழு நாளு."

"உடம்பு?"

"கெடைக்கல. அதான் சங்கதி. உடம்பு கெடைக்கலன்னா, அவன் கடைசியா அவுத்துப் போட்ட சட்டையப் பெட்டியில வச்சு அடக்கம் பண்ணணும். பெத்தவதான் தன் கையால எடுத்துத் தரணும். அதுவரைக்கும் ஊருல ஒருத்தரும் வலை போடக்கூடாது."

"ஏன்?"

கஸ்பார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வலையில என்ன ஏறி வரும்னு யாருக்குத் தெரியும்? நண்டு எதத் தின்னு கொழுக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

சந்தியாகு சுவரிலிருந்த நண்டுப் படத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"நாப்பது வீடு. கிழங்க அவிச்சுத் தின்னுட்டுக் கெடக்கோம். ஆனா சட்டையக் குடுன்னு ஒருத்தரும் இவகிட்டக் கேக்கல. கேக்கக்கூடாது. நேத்து அவளாத்தான் வந்து, நாளைக்கு நாலு மணிக்குத் தாரேன்னா. பெட்டி கோயில் வாசல்ல இருக்கு. மணி அடிச்சதும் கொண்டாந்துருவோம்."

கித்தேரியம்மாள் இலை போட்டாள். சோறு வைத்தாள். ரசம் ஊற்றினாள். அவள் இடது தோளில் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை மடித்துக் கிடந்தது. துவைக்காத சட்டை. காலரில் அழுக்கு அப்படியே இருந்தது.

பரிமாறியவள் போகவில்லை. சந்தியாகுவின் முன்னால் நின்றாள்.

"சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். பாதர்கிட்டக் கேட்டா ஆண்டவரோட சித்தம்ங்காரு. போலீசுல கேட்டாத் தேடுதோம்ங்காவ. இவ்வளவு பேரு இருக்காவ, ஒருத்தராவது வருவான் வரமாட்டான்னு சொல்ல மாட்டேங்காவ. நீங்க சொல்லுங்க. எம்புள்ள வருவானா?"

சந்தியாகு குருவைப் பார்த்தார். குரு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

அவர் கித்தேரியம்மாளைப் பார்த்தார். அந்த முகம் அவருக்குத் தெரியும். தினமும் சவரக் கண்ணாடியில் பார்க்கும் முகம்.

"வருவான், தாயி."

குருவின் கை இலையில் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி பிசைந்தது.

 கித்தேரியம்மாள் தோளிலிருந்த சட்டையை எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்படியே சமையலறைக்குள் போனாள். அவள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு அம்மி ஓடும் சத்தம்.

கோயில் மணி அடித்தது. நான்கு பேர் வெள்ளைப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். பின்னால் ஊர் முழுக்க வந்தது. கித்தேரியம்மாள் மசாலாக் கையோடு வாசலுக்கு வந்தாள். சந்தியாகுவும் குருவும் இலையை விட்டு எழுந்து வந்தார்கள்.

"பெட்டியக் கொண்டு போங்க மச்சான். எம்புள்ள வாரான்."

"யாரு சொன்னா?" என்றார் கஸ்பார்.

"சாமி சொல்லிட்டாரு."

எல்லாத் தலைகளும் சந்தியாகு பக்கம் திரும்பின. கஸ்பார் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நெசந்தானா சாமி?"

சந்தியாகு குரு பக்கம் திரும்பினார்.

கைக்குழந்தைக்காரி கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். குழந்தை வெறும் முலையை இழுத்துவிட்டு அழுதது.

"எத்தன நாளுல வருவாரு சாமி? ஒரு நாளச் சொல்லிருங்க. பொறுத்துக்கிடுதோம்."

அவள் குரலில் கோபமில்லை. யார் முகத்திலும் கோபமில்லை. அவர் பதில் சொல்லாததை மௌன விரதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"சரிப்பா" என்றார் கஸ்பார். "பெட்டியத் திருப்புங்க."

வெறும் பெட்டிதான். ஆனால் திரும்பிப் போகும்போது தூக்கியவர்கள் இரண்டு முறை கீழே வைத்து இளைப்பாறினார்கள்.

சந்தியாகு கித்தேரியம்மாள் பின்னாலேயே சமையலறைக்கு ஓடினார்.

"தாயி, நான் சாமியாரில்லை. போஸ்டாபீசுல வேலை பார்த்தவன். வெளியே இருக்காங்களே, அவங்கதான் குரு. எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க முகத்தைப் பார்த்துத் தாங்காம உளறிட்டேன்."

கித்தேரியம்மாள் சிரித்தாள்.

"பெரியவங்க அப்படித்தான் சொல்லுவாவ."

"சத்தியமா, தாயி!"

"வேண்டாம் சாமி, சத்தியம் பண்ணாதிய. சொன்ன வாக்கு பலிக்காமப் போயிரும்."

அவர் அழுதுவிட்டார். அவள் முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெத்த அப்பன் இருந்தாக்கூட அவனுக்காக இப்படி அழுதிருக்கமாட்டாரு" என்றாள். சட்டையை ஆணியில் மாட்டினாள். "பசியோட வருவான். ரசத்த ஊத்துனா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவான்." மறுபடி அம்மியில் உட்கார்ந்தாள்.

குரு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க வந்து அவங்ககிட்டச் சொல்லுங்க."

"என்னன்னு?"

"தெரியாதுன்னு."

"அதைத்தானே இருபத்தேழு நாளா எல்லாரும் சொன்னாங்க. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தச் சட்டையை மடிச்சாங்க."

"நான் இரக்கப்பட்டுச் சொல்லிட்டேன்."

"யார் மேல?"

சந்தியாகு மணலைப் பார்த்தார்.

"நான் பேசும்போதே தடுத்திருக்கலாமே, அம்மா."

"தடுத்திருக்கலாம்" என்றார் குரு.  அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

உள்ளே தேங்காய் துருவும் சத்தம் வந்தது. கொட்டகைப் பெண்கள் மறுபடி கிழங்கு உரிக்க உட்கார்ந்திருந்தார்கள்.  வலைகளின் மேல் கல் அப்படியே இருந்தது.

தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது. சந்தியாகு பையை எடுத்துக்கொண்டு அவசரமாக எழுந்தார். குரு அவர் கையிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீங்க எங்கே கிளம்பிட்டீங்க?"

"பஸ் வந்துடுச்சே, அம்மா."

"அவங்க பையன் இன்னும் வரலையே."

"அவன் வரமாட்டான். உங்களுக்கும் தெரியும்."

"அது அவங்களுக்குத் தெரியணும். தெரியற வரைக்கும் இந்தப் பெஞ்சுல உக்காருங்க. கடலைப் பார்க்க வர்றப்பல்லாம் அவங்க உங்களையும் பார்க்கட்டும். அந்தப் பொண்ணு பிள்ளையைத் தூக்கிட்டு வந்து எத்தனை நாள்னு கேட்பா. எந்திரிச்சு நின்னு பதில் சொல்லுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"நீங்களும் அதையே கேட்கிறீங்க."

பஸ் வந்து நின்றது. குரு நடந்தார். சந்தியாகு பின்னாலேயே ஓடினார்.

"அம்மா, வீட்டுல என் பிள்ளை காய்ச்சலோட கிடக்கா! நான் இல்லாதப்போ அவளுக்கு ஏதாவது ஆயிட்டா?"

குரு ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உங்க மகளுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.