தண்டபாணி படியில் இறங்கினார்

கோயம்புத்தூரில் லிஃப்டுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி ஒன்று. அதன் முதலாளி தண்டபாணி சொன்னால் சொன்னதுதான். புது மென்பொருளைத் தீபாவளிக்கு முன் ஊரிலுள்ள எல்லா லிஃப்டிலும் ஒரே நாளில் ஏற்றிவிட வேண்டும் என்றார்.

வெளியீட்டுக்குத் திட்டம் போடும்போது அங்கே ஒரு வழக்கம். நம்பிக்கை எவ்வளவு என்று எல்லாரும் விரலால் காட்ட வேண்டும்; முழு நம்பிக்கை என்றால் ஐந்து விரல். முதலாளி முறைத்த முறைப்பில் எல்லாரும் ஐந்து விரலைத் தூக்கினார்கள். சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த சுடர்விழி மட்டும் இரண்டு.

"கரண்ட் போய் ஜெனரேட்டர் வர்றப்ப கதவு திறக்குமான்னு முழுசாப் பாக்கலீங்க சார். முதல்ல குடிவராத கட்டடம் ஒண்ணுல போட்டுப் பாக்கலாம்."

"ரிஸ்க்கே கிடையாது. சாயந்தரத்துக்குள்ள உன் அஞ்சு விரலும் மேல வரணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ."

சாயந்தரம் ஆறாவது மாடியில் தண்டபாணி லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. உள்ளே சுடர்விழி ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க சார். ரிஸ்க்கே இல்லேன்னா நம்ம லிஃப்ட் மட்டும் எதுக்குக் காத்திருக்கணும்?"

வெளியே இடி இடித்தது. உள்ளே வைத்த காலைத் தண்டபாணி வெளியே எடுத்தார்.

"டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்காரு."

மூச்சு வாங்க அவர் கீழே வந்து சேர்ந்தபோது, வீட்டுக்குக் கிளம்பிய ஊழியர்கள் நடுவே சுடர்விழி தண்ணீர் பாட்டிலோடு நின்றாள்.

"நம்ம லிஃப்ட்ல இன்னும் பழைய மென்பொருள்தாங்க சார் ஓடுது. ஊர்ல லிஃப்ட்ல போறவங்களையெல்லாம்கூட டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருங்களா?"

தண்டபாணி தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு ஒரே ஒரு விரலைத் தூக்கினார்.

"முதல்ல அந்தக் காலிக் கட்டடம்."

சுற்றி நின்ற அத்தனை பேரும், யாரும் முறைக்காமலே, ஐந்து விரலையும் தூக்கினார்கள்.