மாசிலாமணி கேட்ட தண்டனை

சட்ட அமைச்சர் மத்திய சிறைக்கு வந்தார். மைதானத்தில் கைதிகளை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். அமைச்சர் மைக்கைப் பிடித்து முழங்கினார்:

"ஆடு மாடு திருடினால் இதுவரை ஒரு வருஷம் ஜெயில். எங்கள் புதுச் சட்டத்தில் இரண்டு வருஷம்! இதனால் உங்களில் ஒருத்தனுக்காவது நன்மை உண்டா? உண்டு என்று சொல்பவன் கேட்டதைத் தருகிறேன்!"

பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து மாசிலாமணி லுங்கியை இறுக்கிக்கொண்டு எழுந்தான்.

"எனக்கு உண்டுங்கய்யா. அந்த ரெண்டு வருஷத்தை எனக்கே குடுத்துடுங்க."

"கொடுத்தேன், எடுத்துக்கொள்!"

"அப்போ நான் கிளம்புறேனுங்க. ஆடு திருடினேன்னு என்னைப் பிடிச்சு அடைச்சு மூணு வருஷம் ஆச்சு. கேசை இன்னும் யாரும் விசாரிக்கவே இல்லை."

சிரிப்பு நின்றது. பேனாக்கள் ஓடின. அமைச்சர் சிறை சூப்பிரண்டை முறைத்துவிட்டு, "இவனை மாதிரி விசாரணை நடக்காமல் கிடப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார்.

மைதானமே எழுந்து நின்றது. மூன்றே பேர் உட்கார்ந்திருந்தார்கள். தண்டனை பெற்றவர்கள் அந்த மூன்று பேர்தான்.

மறுநாள் பேப்பர் முழுக்க இதே பேச்சு. அந்த வாரமே ஒரு நீதிபதி சிறைக்குள் மேஜை போட்டு உட்கார்ந்தார்.

"ஆட்டைத் திருடினாயா?" என்று மாசிலாமணியிடம் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த முதல் ஆள் அவர்தான்.

"இல்லைங்கய்யா. அது வழி தவறிப் போன ஆடு. மறுநாளே தானா வீட்டுக்குத் திரும்பிடுச்சு. நான்தான் இன்னும் திரும்பலை."

அன்று சாயங்காலம் சிறைக் கதவு திறந்தது. மாசிலாமணி முன்னால் நடந்தான். பின்னால் ஒரு மந்தையே வீடு திரும்பியது.